மலையில் பழைய கார்: ரிப்பேர் செலவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் இருப்பது அப்பா 1998-இல் வாங்கிய மாருதி 800. அப்பாவுக்குப் பிறகு நான் ஓட்டுகிறேன். கோத்தகிரியிலிருந்து நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குக் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். அதை விட்டால் இந்த வண்டிதான். பழைய வண்டியை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கூட வேலை பார்ப்பவர்களும் அக்கம்பக்கத்தாரும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். மெக்கானிக் வேலை எனக்குத் தெரியாது. பல வருஷம் பில் கட்டிக் கற்றுக்கொண்டது மட்டும் தெரியும்.

பார்ட்ஸ் விலை குறைவுதானே, அப்புறம் ஏன் ஒவ்வொரு தடவையும் பில் கையைக் கடிக்கிறது?

கோளாறு எதுவென்று கண்டுபிடிக்காமலே ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதால். வண்டி இழுக்கவில்லை என்று போய்ச் சொன்னால் முதலில் பிளக், அடுத்து பிளக் ஒயர், அடுத்து பெட்ரோல் பம்ப், கடைசியில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர். நாலில் ஒன்றுதான் கெட்டிருக்கும். நாலுக்கும் நாம் காசு கொடுத்திருப்போம். சமவெளியில் இருப்பவர்களுக்கு இது பணத்தோடு போகும். நமக்கு ஒவ்வொரு பார்ட்டும் மேட்டுப்பாளையத்திலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ மலையேறி வர வேண்டும் என்பதால் நாளும் சேர்ந்து போகும்.

என் கதையையே சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும்போது குஞ்சப்பனையைத் தாண்டி வண்டி கொதித்துவிட்டது. அது பலாப்பழ சீசன். சாயங்காலமானால் அந்தப் பக்கம் பழத்துக்கு யானை வரும். பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு, ஒரு கண் ரேடியேட்டரிலும் ஒரு கண் காட்டோரத்திலுமாக ஒரு மணி நேரம் நின்றேன். ஆறியபின் தண்ணீர் ஊற்றி மெதுவாக வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, ஹெட்டை இறக்கி லேத்துக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். 13,800 ரூபாய் கட்டி வண்டியை எடுத்தேன். இரண்டு வாரத்தில் அதே ஏற்றத்தில் மறுபடி கொதித்தது. இப்போது ரேடியேட்டரையே மாற்ற வேண்டும் என்றார்கள்.

அந்தத் தடவை வண்டியை அங்கே விடாமல், அப்பா காலத்தில் பார்த்துக்கொண்டிருந்த வயசான மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். அவர் இன்ஜினைத் தொடவே இல்லை. வண்டி நன்றாக ஆறியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, ரேடியேட்டர் மூடியைத் திருகி எடுத்தார். ஸ்பிரிங்கைக் கட்டை விரலால் அழுத்தி, அடியில் இருந்த ரப்பர் வளையத்தை என்னிடம் திருப்பிக் காட்டினார். காய்ந்த சேறு மாதிரி வெடித்திருந்தது. “முதல்ல பாக்க வேண்டியது இது டீச்சர்” என்றார். புது மூடி 200 ரூபாய்க்கும் குறைவு. அதற்குப் பிறகு இன்றுவரை வண்டி கொதிக்கவில்லை.

ஒரு மூடிக்கு இவ்வளவு வேலையா என்று கேட்பீர்கள். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 92, 93 டிகிரியே போதும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் தண்ணீர் 110 டிகிரிக்கு மேல் போனாலும் கொதிக்காமல் நிற்கிறது. மூடி கசிந்தால் ரேடியேட்டர் வெறும் டீ கெட்டில்தான். கோயம்புத்தூரில் ஒழுங்காக ஓடுகிற வண்டி மலை ஏறும்போது மட்டும் கொதித்தால், ஹெட் கேஸ்கெட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் மூடி, ஃபேன், கூலன்ட் அளவு, ஹோஸ் நாலையும் பார்க்கச் சொல்லுங்கள். சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்க வேண்டாம். ஆவி முகத்தில் அடிக்கும்.

அப்படியானால் செலவைக் குறைக்க முதலில் என்ன செய்வது?

கண்டுபிடித்துச் சொல்வதற்குத் தனியாகக் காசு கொடுங்கள். நான் இப்போது எந்தப் புது மெக்கானிக்கிடம் போனாலும், “அண்ணா, இன்னைக்கு எதையும் மாத்த வேண்டாம். என்ன கோளாறுன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க, அதுக்கு 500 ரூபாய் தந்துடறேன்” என்று சொல்லிவிடுகிறேன். அவருக்கும் நேரம் போகிறது. நாம் அந்த நேரத்துக்குக் கூலி கொடுக்காவிட்டால், ஏதாவது பார்ட்டை மாற்றித்தான் அவர் அதை எடுக்க முடியும். இதை அவர் பேராசை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நம் ஊரில் மூளைக்குக் கூலி கொடுக்கும் பழக்கம் இல்லாததன் விளைவு இது.

போகும்போது கோளாறின் பெயரை நீங்களே சொல்லாதீர்கள். “கிளட்ச் பிளேட் போயிடுச்சு” என்று சொன்னால் கிளட்ச் பிளேட்டை மாற்றித் தருவார்கள். “மூணாவது கியர்ல ஏத்தத்துல இன்ஜின் சத்தம் ஏறுது, வேகம் ஏறல” என்று சொல்லுங்கள். எந்த ஏற்றம், எத்தனை கிலோமீட்டர் ஓடியபின், மழையிலா வெயிலிலா என்று ஒரு சின்ன நோட்டில் குறித்து வையுங்கள். என் நோட்டு டேஷ்போர்டிலேயே கிடக்கும்.

கம்பெனி சர்வீஸ் சென்டரா, தெரிந்த மெக்கானிக்கா?

பத்து வருஷம் தாண்டிய வண்டி என்றால் தெரிந்த மெக்கானிக். சர்வீஸ் சென்டரில் இப்போது வேலை பார்க்கும் பையன்கள் பலர் கார்புரேட்டரைக் கையில் எடுத்திருக்க மாட்டார்கள். அது அவர்கள் தப்பில்லை, அவர்கள் படித்த வண்டி வேறு. ஆனால் எலக்ட்ரானிக் கோளாறு, ஏர்பேக், ஏ.பி.எஸ். என்றால் ஸ்கேனர் இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும்.

வெளி மெக்கானிக்குக்கு ஒரிஜினல் பார்ட்ஸ் கிடைக்காமல் போவதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. கார் நிறுவனங்கள் ஸ்பேர் பார்ட்ஸையும் ரிப்பேர் விவரங்களையும் தங்கள் டீலர்களுக்குள்ளேயே வைத்துக்கொள்கின்றன என்ற புகாரில், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. நமக்குத் தெரிய வேண்டியது, தெருவோர மெக்கானிக் “பார்ட் கெடைக்கல” என்று சொல்லும்போது அது எப்போதும் சாக்குப்போக்கு இல்லை என்பது.

பார்ட்ஸை நானே வாங்கிக் கொடுத்தால் மிச்சமா?

பல நேரம் மிச்சம்தான், ஆனால் ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் வாங்கிக் கொடுத்த பார்ட் ஒரு மாசத்தில் போனால் மெக்கானிக் பொறுப்பேற்க மாட்டார். அதனால் சின்னச் சாமான்களை அவரையே வாங்கச் சொல்லிவிட்டு, விலை கூடின பார்ட்டை மட்டும் நான் வாங்குகிறேன்.

கோயம்புத்தூர் நஞ்சப்பா ரோட்டுப் பக்கம் ஸ்பேர்ஸ் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கழற்றிய பழைய பார்ட்டுக்கு உக்கடம். அங்கேயும் கிடைக்காவிட்டால் சென்னை புதுப்பேட்டையில் விசாரிக்கச் சொல்லலாம். போகும்போது பழைய பார்ட்டைத் துடைத்துக் கையோடு கொண்டு போங்கள். அதில் அச்சடித்த எண் இருந்தால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.சி.யில் இருக்கும் சேசிஸ் எண்ணும் மாடல் வருஷமும் கையில் இருக்கட்டும். ஒரே பெயரில் வந்த வண்டியில் கூட வருஷத்துக்கு வருஷம் பார்ட் மாறியிருக்கும். நான் ஒருமுறை போனிலேயே சொல்லி வரவழைத்த பிரேக் வீல் சிலிண்டர், போல்ட் துளையில் உட்காரவில்லை. அதைத் திருப்பி அனுப்பி வேறு வர ஐந்து நாள்.

ஜி.எஸ்.டி. பற்றி: 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா ஆட்டோ பார்ட்ஸுக்கும் 18 சதவீதம்தான். அதற்கு முன் பலவற்றுக்கு 28 சதவீதம் இருந்தது. பில்லில் 28 போட்டிருந்தால் கேளுங்கள்.

எதற்கெல்லாம் செகண்ட்ஸ் (வேறு வண்டியிலிருந்து கழற்றிய பழைய பார்ட்) போடலாம்?

கதவு, பம்பர், கண்ணாடி, லைட், சீட், கைப்பிடி, ஜன்னல் ஏற்றும் கைச்சுற்று, ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார். இவை போனால் வண்டி நிற்கும் அல்லது அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான்.

பிரேக், ஸ்டீயரிங், பால் ஜாயின்ட், டயர், டைமிங் பெல்ட் இதிலெல்லாம் செகண்ட்ஸோ டூப்ளிகேட்டோ வேண்டவே வேண்டாம். மேட்டுப்பாளையம் குன்னூர் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவு, ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36. அந்த வளைவில் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட் கழன்றால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு விலை பேசுங்கள்.

பிரேக் ஷூ, பேட் எல்லாம் புதுசு. ஆனாலும் இறக்கத்தில் பெடல் உள்ளே போகிறது. ஏன்?

பிரேக் ஆயிலை எப்போது மாற்றினீர்கள் என்று முதலில் பாருங்கள். இந்தக் கேள்வியைக் கேட்ட பத்துப் பேரில் பத்துப் பேரும் “அதை மாத்தணுமா?” என்றுதான் என்னைக் கேட்டார்கள்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர்ப் பனிமூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். டாட் 4-க்கு அது 230, 155. தொடர்ந்து பிரேக்கை மிதித்து இறங்கினால் சூடு ஆயிலுக்குப் போய், அது கொதித்துக் குமிழி கட்டும். குமிழியை மிதித்தால் அது நசுங்கும், பிரேக் பிடிக்காது. கீழே போய் வண்டி ஆறியதும் பிரேக் பழையபடி பிடிக்கும். மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு “நல்லாத்தானே இருக்கு” என்பார். பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் கசிந்தாலும், லைனில் காற்று புகுந்திருந்தாலும் பெடல் இறங்கும், ஆனால் அது ஆறினாலும் சரியாகாது.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுக்க மாற்றி, லைனில் புகுந்த ஏர் எடுங்கள். பழைய வண்டிக்குச் செய்யும் செலவுகளிலேயே இதுதான் மலிவு, இதுதான் உயிருக்கு நெருக்கமானது. மற்றபடி, ஏறின கியரில் இறங்கு என்று லாரி ஓட்டுநர்கள் சொல்வதை அப்படியே கேளுங்கள். நியூட்ரலில் இறங்கி மிச்சம் பிடிக்கும் பெட்ரோல் ஒரு டீக்கும் வராது.

கீழே சர்வீஸ் செய்த வண்டி மேலே வந்ததும் கரும்புகை விடுகிறது, இழுவையும் இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. கார்புரேட்டர் வண்டி என்றால் இது காற்றின் வேலை. கோத்தகிரி உயரத்தில் காற்றழுத்தம், கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோல் பழைய அளவிலேயே இறங்குகிறது, காற்று போதவில்லை. பிளக் கரியாகிறது, மைலேஜ் போகிறது, புகைச் சான்றிலும் தடுக்கும். இங்கேயே மெக்கானிக்கிடம் மிக்ஸ்சரை, அதாவது பெட்ரோல் காற்றுக் கலவையை, சரிசெய்துகொள்ளுங்கள். ஆனால் இங்கே பெட்ரோலைக் குறைத்து வைத்த வண்டியைக் கோடையில் சேலம், மதுரை என்று தூரம் ஓட்டினால் பெட்ரோல் போதாமல் இன்ஜின் அதிகம் சூடாகும். அடிக்கடி இறங்குபவர்கள் நடுவாந்தரமாக வைத்துக்கொள்வது நல்லது. கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் கணக்குப்படி பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வண்டிகள் காற்றை அளந்து தாமே சரிசெய்துகொள்ளும். என்ன வண்டியானாலும் மேலே பவர் கொஞ்சம் குறையத்தான் செய்யும், அதற்குச் செலவு செய்து பயனில்லை.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் வண்டி சூடாகாது என்கிறார் மெக்கானிக். சரியா?

கீழே பலர் இப்படிச் செய்வார்கள். மலையில் செய்ய விடாதீர்கள். தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் 80 டிகிரியைத் தாண்டி சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் பிடிக்கும் வால்வு. அதை எடுத்துவிட்டால் மார்கழி, தை மாசத்தில் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை இன்ஜின் சூடேறவே ஏறாது. சோக்கை இழுத்தபடியே ஓட்ட வேண்டியிருக்கும், பெட்ரோல் குடிக்கும், ஹீட்டரில் குளிர்காற்றுதான் வரும். புது தெர்மோஸ்டாட் சில நூறு ரூபாய்.

15 வருஷம் முடிந்தால் வண்டியை ஓட்டக்கூடாதாமே?

அந்தத் தடை டெல்லி வட்டாரத்துக்கு வந்தது. தமிழ்நாட்டில் சொந்தக் காருக்கு 15 வருஷம் முடிந்ததும் ஆர்.சி.யைப் புதுப்பித்து, பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே ஓட்டலாம். படிவம் 25. கெடு முடிவதற்கு முந்தைய 60 நாளுக்குள் கொடுக்கலாம்.

செலவு கூடிவிட்டது என்பது உண்மை. 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000. 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. வருஷம் முழுக்க ஆயிரம் கிலோமீட்டர் கூட ஓட்டாத ஒரு ஓய்வூதியக்காரருக்கும் இதே தொகைதான் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் கட்டிவிடுங்கள். இன்ஸ்பெக்டர் பார்வைக்குப் போகுமுன் லைட், ஹாரன், வைப்பர், ஹேண்ட்பிரேக், டயர் இவற்றைச் சரிபார்த்துவிட்டால் இரண்டாம் முறை அலைய வேண்டாம்.

பழைய வண்டிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் போடலாமா?

தேர்ட் பார்ட்டி (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கானது) கட்டாயம். 1,000 சிசி வரையிலான சொந்தக் காருக்கு 2022 ஜூன் முதல் வருஷம் 2,094 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். ஃபுல் போட்டால், 10 வருஷம் தாண்டிய வண்டியில் இரும்புப் பாகங்களுக்குப் பாதி, ரப்பர் பிளாஸ்டிக்குக்குப் பாதி என்று தேய்மானம் கழித்துத்தான் கொடுப்பார்கள். கண்ணாடிக்குக் கழிப்பதில்லை. நான் தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டுவிட்டு, மிச்சத் தொகையை ரிப்பேருக்கென்று தனியாகப் போட்டு வைக்கிறேன்.

“நாளைக்கு முடிஞ்சிடும்” என்று சொல்லி மூன்று வாரம் இழுக்கிறார்கள். என்ன செய்வது?

வண்டியை விடும்போதே ஒரு தாளில் என்ன வேலை, எவ்வளவு, எப்போது என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். எதிர்பாராமல் வேறு வேலை வந்தால் போன் செய்து கேட்டபிறகே தொட வேண்டும் என்றும், கழற்றிய பழைய பார்ட்ஸ் எனக்கு வேண்டும் என்றும் அதிலேயே எழுதிவிடுங்கள். பார்ட் கையில் வந்தபிறகு வண்டியை விடுங்கள், முன்னால் விடாதீர்கள். ஓடுகிற வண்டியைக் கொண்டு போய் நிறுத்தி, கழற்றிப் போட்டுவிட்டு, பிறகு பார்ட் தேடுவதால்தான் பாதி தாமதம்.

செய்த வேலைக்குக் கூலி வரும்வரை வண்டியைக் கொடுக்காமல் வைத்திருக்க இந்திய ஒப்பந்தச் சட்டம் 170-ஆம் பிரிவு ஒர்க்‌ஷாப்புக்கு உரிமை தருகிறது. ஆகவே தொகையில் தகராறு என்றால் வாசலில் சத்தம் போட்டுப் பயனில்லை. பில்லில் “ஆட்சேபத்துடன் செலுத்தப்பட்டது” என்று எழுதிக் கட்டிவிட்டு வண்டியை எடுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம், ஊட்டியில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. பில் இல்லாமல் எதுவும் நடக்காது. ஜி.எஸ்.டி. இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் அந்த ஆசைக்கு மயங்காதீர்கள். என்னிடம் அந்த 13,800-க்குப் பில் இல்லை.

தனியாகப் போகும் பெண்களிடம் அதிகம் வாங்குகிறார்களா?

சில இடத்தில் ஆம். “வீட்ல சாரை அனுப்புங்க, அவருகிட்ட சொல்றேன்” என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். வண்டி என் பெயரில் இருக்கிறது, காசு நான் கொடுக்கிறேன், என்னிடம் சொல்லத் தெரியாதவரிடம் எனக்கு வேலையில்லை என்று கிளம்பி வந்துவிட்டேன். நல்ல மெக்கானிக் கேள்வி கேட்பவரைப் பார்த்து எரிச்சல்பட மாட்டார், தேய்ந்த பார்ட்டைக் கையில் கொடுத்துக் காட்டுவார். அப்படிப்பட்டவர் கிடைத்தால் பத்து ரூபாய் கூடப் போனாலும் அவரை விடாதீர்கள். அவர் பட்டறையில் வேலை கற்றுக்கொள்ளப் பையன்கள் இல்லை என்பதுதான் எனக்கு இருக்கும் பெரிய கவலை.

செகண்ட் ஹேண்டில் எந்த வண்டி வாங்கினால் ரிப்பேர் சமாளிக்கலாம்?

உங்கள் ஊர் டாக்ஸி ஸ்டாண்டில் எது அதிகம் நிற்கிறதோ அது. மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டாலும், அதே 796 சிசி இன்ஜின் குடும்பத்தைச் சேர்ந்த ஆம்னி 2019 வரை வந்ததால் இன்ஜின் பார்ட்ஸுக்கு இன்னும் பஞ்சமில்லை. அம்பாசடர் 2014 மே மாசம் நின்றது. இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்ட கம்பெனி வண்டிகள் மலிவாகக் கிடைக்கும், ஓட்டவும் சுகம். ஆனால் மலையில் இருந்துகொண்டு அதற்குப் பார்ட் தேடுவது பெரும்பாடு.

எப்போது வண்டியைக் கைவிடுவது?

இன்ஜினையோ கியர்பாக்ஸையோ வைத்து முடிவெடுக்காதீர்கள், இரண்டும் மாற்றக்கூடியவை. துருவைப் பாருங்கள். ஜாக்கி வைக்கும் இடம், சஸ்பென்ஷன் பாடியோடு சேரும் இடம், மிதியடிக்கு அடியிலிருக்கும் தரைத் தகடு. மழைக்காலத்தில் மேட் நனைந்து கிடந்தே பலருடைய தகடு போகிறது. கனமான ஸ்குரூடிரைவரால் குத்தினால் உள்ளே போய்விட்டால், அதுவும் சஸ்பென்ஷன் பக்கத்தில் என்றால், டிங்கரிங் செய்து பெயிண்ட் அடித்து மறைக்க விடாதீர்கள்.

போன மழைக்கு முன் என் வண்டியை லிஃப்டில் ஏற்றிக் குத்திப் பார்த்தோம். வலது பின்பக்கம் ஜாக்கி வைக்கும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் செதில் செதிலாக உதிர்ந்தது. மெக்கானிக் அதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தார். இடது பக்கம் ஸ்குரூடிரைவர் டங்கென்று சத்தம் கொடுத்தது. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் மறுபடி ஏற்றிப் பார்ப்பதாக இருக்கிறோம்.